அந்தப் பேர் எப்படி வாயில் வந்தது?

போன மாதம் பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருமுனை மளிகைக்கடையில் பேஸ்ட் கேட்டேன். வழக்கமாக வாங்குவது தீர்ந்துவிட்டதாம். "வேற எது தரட்டும் சார்?" என்றார் கடைக்காரர். யோசிக்காமல் ஒரு பேர் சொன்னேன், வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பத்தடி நடந்த பிறகுதான் உறைத்தது: அந்த பேஸ்ட்டை நான் இதுவரை ஒருமுறைகூட வாங்கியதில்லை. யாரும் நல்லது என்று சொன்னதும் இல்லை. மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் நின்றபோது தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். நிழற்குடையின் பின்பலகையில் ஆளுயரத்துக்கு அதே பேஸ்ட், பளிச்சென்ற பல்வரிசையோடு. தினமும் கால் மணி நேரம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.

நான் விளம்பரமே பார்ப்பதில்லை என்று பீற்றிக்கொள்கிற ஆள் நான். இந்தப் பெருமை எல்லோருக்கும் உண்டு. 1983-இல் பிலிப்ஸ் டேவிசன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதற்கு 'மூன்றாம் நபர் விளைவு' என்று பேர் வைத்தார். விளம்பரத்தில் ஊரார் மயங்குவார்கள், நான் மயங்கமாட்டேன் என்று ஆளாளுக்கு நினைக்கிறோம். அந்த ஊராரும் அப்படியே நினைக்கிறார்கள் என்பதுதான் சிக்கல்.

பார்க்காத விளம்பரம் எப்படி வேலை செய்கிறது? 1960-களின் கடைசியில், மிச்சிகனில் இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவர் செய்தித்தாள்களில் விசித்திரமான கட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சொல், 'காதிர்கா' என்பதுபோல. விளக்கம் கிடையாது, விலை கிடையாது, விற்கப் பொருளும் கிடையாது. சில சொற்கள் ஒரே ஒரு நாள் வந்தன, சில 25 முறை. ஒரு தாளில் அடிக்கடி வந்த சொல் இன்னொன்றில் அபூர்வமாக வரும்படி பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாணவர்களிடம், இந்தச் சொல் நல்லதைக் குறிக்குமா கெட்டதைக் குறிக்குமா என்று கேட்டார்கள். எந்தச் சொல் தங்கள் தாளில் அதிகம் வந்ததோ, அதைத்தான் நல்லது என்றார்கள். இதைச் செய்தவர்கள் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகா ரஜெக்கியும். திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டாலே ஒன்றன்மீது பிரியம் வந்துவிடும் என்று ஸயான்ஸ் 1968-இலேயே எழுதியிருந்தார்.

1980-இல் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒழுங்கற்ற எண்கோண வடிவங்களை ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார். அப்புறம் பழையது ஒன்று, புதியது ஒன்று என ஜோடியாக வைத்து, எதை ஏற்கெனவே பார்த்தீர்கள் என்று கேட்டார். நாணயம் சுண்டிப் பார்த்துச் சொல்வதற்கும் அவர்கள் பதிலுக்கும் வித்தியாசமே இல்லை. எது பிடித்திருக்கிறது என்று கேட்டபோது மட்டும் 100-க்கு 60 தடவை பழைய வடிவத்தையே காட்டினார்கள். பார்த்த நினைவு இல்லை, பிடித்தம் மட்டும் இருக்கிறது. ஏற்கெனவே கண்டதை மூளை சுலபமாக உள்வாங்குகிறது. அந்தச் சுலபத்தையே 'நல்லது' என்று நாம் எடுத்துக்கொள்கிறோம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

பழகப் பழகப் பாலும் புளிக்குமே என்பீர்கள். புளிக்கத்தான் செய்யும். அளவுக்கு மீறினால் சலிப்பு வரும் என்பது விளம்பரக்காரர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் மெட்டும் நிறமும் அப்படியே இருக்க, நடிகை மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறார்.

சரி, பலகைகளையே எடுத்துவிட்டால்? பெங்களூரு அதைச் செய்து பார்த்த ஊர். 2018 ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் அதட்டிய பிறகு, மாநகராட்சி ஃபிளெக்ஸ்களையும் ஹோர்டிங்குகளையும் இறக்கியது. மொட்டை மாடிகளில் வெறும் இரும்புச் சட்டங்கள் நின்றன, நடுவில் வானம் தெரிந்தது. எனக்கு அந்தக் காட்சி ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் அதற்குள் விளம்பரம் சட்டைப் பைக்குள் குடியேறியிருந்தது. யஷ்வந்த்பூர் மண்டியில் ஏலம் பார்த்திருப்பீர்கள். போனில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போதும் ஏலம்தான். அதில் விளம்பரத்துக்கென்று ஒரு காலி இடம் இருக்கும். எந்த மாதிரி போன், எந்த ஏரியா, என்ன படிக்கிறார் என்ற விவரம் ஏலக் கணினிகளுக்குப் போகும்; அவை விலை சொல்லும்; ஜெயித்தவரின் படம் அங்கே வந்து உட்காரும். எல்லாம் ஏறக்குறைய பத்தில் ஒரு நொடிக்குள்.

அப்படியானால் தப்பித்தவர் யாருமே இல்லையா? இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் கதை கொஞ்சம் சங்கடமானது. 2004-இல் ஹூஸ்டனில் ஒரு சோதனை. இரண்டு கோப்பை, ஒன்றில் கோக் என்ற லேபிள், மற்றதில் ஒன்றுமில்லை, அது கோக்காகவும் இருக்கலாம் பெப்ஸியாகவும் இருக்கலாம் என்றார்கள். உண்மையில் இரண்டிலும் கோக்தான். குடித்தவர்கள் லேபிள் ஒட்டிய கோப்பைதான் ருசி என்றார்கள். பேர் தெரிந்து குடிக்கும்போது, மூளையில் நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் பகுதியும் சுறுசுறுப்பானது. 2008-இல் வேறு இரு ஆய்வாளர்கள், நெற்றிக்குப் பின்னால் மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர்களுக்குக் கோலா கொடுத்துப் பார்த்தார்கள். பேர் தெரிந்ததும் மற்றவர்கள் கோக் பக்கம் சாய, இவர்கள் மட்டும் நாக்கு சொன்னதிலேயே நின்றார்கள். உணர்ச்சியையும் மதிப்பையும் இணைக்கிற இடம் அது. அங்கே சேதமானால் அன்றாட வாழ்க்கையில் முடிவெடுப்பதே திண்டாட்டம். அந்த விலைக்கு எனக்கு விடுதலை வேண்டாம்.

விளம்பரத்தைப் பூதமாக்கவும் வேண்டாம். இணையத்தில் சந்தை நடத்தும் ஈபே நிறுவனம் ஒருமுறை, தன் பேரையே தேடுகிறவர்களுக்குத் தேடுபொறியில் காசு கொடுத்துக் காட்டிவந்த விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தது. வந்துகொண்டிருந்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் பக்கத்திலிருந்த இலவச இணைப்பைத் தட்டி வந்து சேர்ந்தார்கள். எப்படியும் வருகிறவர்களுக்காகக் காசைக் கொட்டியிருக்கிறார்கள். பரிச்சயம் பெரும்பாலும் ஜெயிப்பது என் பேஸ்ட்டைப் போன்ற இடங்களில்தான்: எதை எடுத்தாலும் ஒன்றுதான், நின்று யோசிக்க நேரமில்லை, ஏதோ ஒரு பேர் வேண்டும்.

அதனால் இந்த மாதம் உஷாராகப் போனேன். கடைக்காரர் கேட்டதும் பேர் எதுவும் சொல்லவில்லை. "நீங்களே ஏதாவது ஒண்ணு குடுங்க" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி, போன மாதம் வாங்கிய அதே பேஸ்ட்டை எடுத்து வைத்தார்.

"இதுதான் சார் இப்ப நல்லா ஓடுது."