குடிநீர்க் கட்டணமும் நிர்வாகச் செலவும்: எதை வெட்டுவது, எதைக் காப்பது?

குடிநீர் நிறுவனங்களின் வரவு செலவுகளைத் தணிக்கை செய்யும் பணியில், கட்டண உயர்வு அறிவிக்கப்படும் போதெல்லாம் ஒரே கோரிக்கையைக் கேட்கிறேன்: அலுவலகச் செலவைக் குறைத்து அந்தப் பணத்தைக் குழாய்களில் போடுங்கள் என்பதே அது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் ‘நிர்வாகச் செலவு’ என்ற தலைப்பின் கீழ் அதிகாரிகளின் வாகனச் செலவு, ஆலோசகர் கட்டணம் ஆகியவற்றுடன், மீட்டர் அளவெடுப்பவர், குழாய் வரைபடங்களைத் திருத்திவைப்பவர், கசிவு தேடும் குழுவினர் ஆகியோரின் சம்பளமும் சேர்ந்தே இருக்கிறது. செலவைக் குறைக்க உத்தரவு வரும்போது, குரல் எழுப்ப ஆளில்லாத இந்தக் கடைநிலைப் பணிகளே முதலில் வெட்டப்படுகின்றன.

அதன் விளைவு மண்ணுக்கடியில் தெரியும். பயன்பாடு மிகக் குறைவாக இருக்கும் பின்னிரவு 2 மணி முதல் 4 மணி வரை ஒரு பகுதிக்குள் பாயும் நீரை அளந்தால், அதில் கணிசமான பங்கு கசிவு என்பது புலப்படும். பிறகு ஒலி கேட்கும் கருவியுடன் தெருத் தெருவாக நடந்து இடத்தைக் கண்டறிய வேண்டும். இதற்கு ஆளில்லை என்றால், எந்தக் குழாயை முதலில் மாற்றுவது என்பதே ஊகமாகிவிடும். சாலை போடும்போது தாருக்கடியில் போய்விட்ட வால்வு எங்கே இருக்கிறது என்ற பதிவும் இல்லையென்றால், ஒரு தெருவின் உடைப்பைச் சரிசெய்ய வட்டாரம் முழுவதற்கும் தண்ணீரை நிறுத்த நேர்கிறது.

கம்போடியாவின் புனோம் பென் நகரில் 1993இல், உற்பத்தியான நீரில் ஏறத்தாழ 72 விழுக்காடு கசிவாலும் திருட்டாலும் வருவாய் தராமல் போனது. அந்நகரின் குடிநீர் ஆணையத்தை நடத்திய எக் சொன் சான் தலைமையில் மீட்டர்கள் பொருத்துவதும் நுகர்வோர் பட்டியலைச் சரிபார்ப்பதும் குழாய்களை மாற்றுவதும் ஒருங்கே நடந்தன. 2000களின் இறுதியில் அந்த இழப்பு 6 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. ஆயிரம் இணைப்புகளுக்கு 22 பணியாளர்கள் என்ற விகிதமும் 4 ஆனது. இணைப்புகள் பல மடங்கு பெருகியதால் நிர்வாகச் சுமை குறைந்தது என்பதே இதில் நான் முக்கியமாகக் கருதுவது.

கணக்குப் புத்தகத்தில் மட்டும் செலவு குறைவதும் உண்டு. பொறியாளர் சம்பளத்தைத் திட்டச் செலவில் ஏற்றிவிட்டால் நிர்வாகச் செலவு இறங்கியும் முதலீடு ஏறியும் தெரியும். ஒரு மீட்டர் குழாய்கூடக் கூடுதலாகப் பதிந்திருக்காது. தேய்மானத்தைப் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய கொள்முதல் விலையில் கணக்கிட்டு ஒதுக்கும் தொகையும் இன்றைய விலையில் புதுக் குழாய் வாங்கப் போதாது.

ஆகவே, ஆண்டறிக்கையில் செலவு விழுக்காட்டை மட்டும் பார்க்காமல், மொத்த நீளத்தில் எவ்வளவு குழாய் இந்த ஆண்டு மாற்றப்பட்டது என்று கேளுங்கள். ஆண்டுக்கு 0.5 விழுக்காடு மட்டுமே மாற்றுகிறார்கள் என்றால், இன்று பதிக்கும் குழாயின் முறை திரும்பி வர 200 ஆண்டுகள் ஆகும்.