கரைக்கு வந்தால்தான் சிவப்பு

திருகோணமலையில் விடியற்காலை வள்ளங்கள் கரை சேரும்போது, மீன் குவியலில் கண்ணைப் பறிப்பது செக்கச்செவேலென்ற செம்பல்லி மீன்தான். இவ்வளவு பளிச்சென்ற மீன் எப்படிப் பெரிய மீன்களுக்குத் தப்பி வளர்கிறது என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

விடை தண்ணீரில் இருக்கிறது. சூரிய ஒளியில் எல்லா நிறங்களும் உண்டு. கடல்நீர் முதலில் விழுங்கிவிடுவது சிவப்பை. தெளிந்த நீரிலும் 10 மீட்டர் இறங்குவதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடும். நீலந்தான் ஆழம் வரை செல்லும். சிவப்பாகத் தெரிய வேண்டுமென்றால், மேலே பட்டுத் திரும்பச் சிவப்பு ஒளி வேண்டுமே! 40 மீட்டர் ஆழத்துப் பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், அது இல்லை. அங்கே செம்பல்லி கருஞ்சாம்பல் நிழல், அவ்வளவுதான். ஆழத்தில் சுழியோடியின் கையில் பார்க்கல் கீறினால், கசியும் இரத்தம்கூடச் சிவப்பாக இராது. பச்சை கலந்த கறுப்பாகத் தெரியும்.

இந்த நிறத்தை மீன் தானாக உண்டாக்குவதும் இல்லை. இறாலும் நண்டும் தின்று சேர்ப்பது. நண்டை அவித்தால் ஓடு சிவக்கிறதே, அந்த நிறமிதான், அஸ்டாசாந்தின்.

சரி, பிடிபட்ட மீனின் வாயில் பலூன் மாதிரி ஏதோ பிதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கு நுழைவதால், இங்கே கரையை விட்டு அதிக தூரம் போகாமலே ஆழத்தில் தங்கூசி, அதாவது தூண்டில் நூல், இறக்கலாம். 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் கூடும். கடலுக்கு மேலுள்ள காற்றின் அழுத்தம் ஒன்றையும் சேர்த்தால் 40 மீட்டரில் மொத்தம் ஐந்து. செம்பல்லியை மிதக்கவைக்கும் காற்றுப்பைக்கு வெளிவாசல் கிடையாது. இரத்தத்தின் வழியாக மெதுவாகத்தான் காற்று ஏறும், இறங்கும். விறுவிறுவென்று இழுத்தால் அந்தக் காற்று ஐந்து மடங்காக விரியப் பார்க்கும். கண் பிதுங்கும், இரைப்பை வாய்வழியே வெளியே தள்ளப்படும்.

அதைக் காற்றுப்பை என்று நினைத்து ஊசியால் குத்திவிட்டுக் குஞ்சு மீனைக் கடலில் விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து குத்தாதீர்கள், அது இரைப்பை. தங்கூசியில் ஈயம் கட்டி, மீனை வந்த ஆழத்துக்கே இறக்கிவிடுங்கள். போகப்போகக் காற்றுச் சுருங்கும், இரைப்பை உள்ளே திரும்பும், மீன் துடுப்பை அசைக்கும். அப்புறம் அந்தச் சிவப்பும் கொஞ்சங்கொஞ்சமாக நிழலாகிவிடும்.