நிறுவியதும் ஓடிவிடுமா தேடல் சர்வர்?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கொப்பரை மண்டியில், பழைய பில்களைத் தமிழிலும் மலையாளத்திலும் தேடுவதற்காக உபுண்டு என்ற லினக்ஸ் ஓடும் கணினியில் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் சர்வரை நிறுவியிருந்தார்கள். இடவப்பாதி மழையில் ஓர் இரவு மின்சாரம் போய்த் திரும்பியது. காலையில் கணக்குப்பிள்ளை என்னை அழைத்து, "சார், கம்ப்யூட்டர் ஓடுதுங்க, பில்லு மட்டும் தேட முடியலைங்க" என்றார். போய்ப் பார்த்தபோது சர்வரில் கோளாறு எதுவும் இல்லை. அது தொடங்கப்படவே இல்லை.

உபுண்டு, டெபியன், ரெட்ஹாட் ஆகிய லினக்ஸ் வகைகளில் எலாஸ்டிக்சர்ச்சைப் பேக்கேஜாக (அந்த லினக்ஸுக்கென்றே தயாரித்த நிறுவல் கோப்பாக) நிறுவினால் அது தானாகத் தொடங்குவதில்லை. சர்வீஸ்களைத் தொடங்கவும் நிறுத்தவும் உதவும் 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையில் 'ஸ்டார்ட்' கொடுத்தால் அப்போதைக்கு ஓடும்; கணினி அணைந்து எழும்போது சர்வரும் தானே எழ வேண்டுமானால் 'எனேபிள்' கட்டளையையும் தனியாகக் கொடுத்தாக வேண்டும். மண்டியில் முதலாவதைக் கொடுத்தவர் இரண்டாவதை விட்டுவிட்டார்.

விண்டோஸில் இந்தத் தவறு வேறு உருவத்தில் வருகிறது. சுருக்கி வைத்த ஜிப் கோப்பை விரித்து, 'பின்' (bin) என்ற ஃபோல்டரில் உள்ள எலாஸ்டிக்சர்ச் பேட் (.bat) கோப்பைச் சொடுக்கினால் கறுப்பு விண்டோவில் வரிகள் ஓடத் தொடங்கும். மாலையில் கடை அடைக்கும்போது யாராவது அந்த விண்டோவை மூடினால் சர்வரும் அதோடு நின்றுவிடும். ஆகவே அதே ஃபோல்டரில் இருக்கும் சர்வீஸ் பேட் கோப்பைக் கொண்டு அதை விண்டோஸ் சர்வீஸாக, அதாவது விண்டோ இல்லாமல் பின்னணியில் ஓடும் நிரலாகப் பதிய வேண்டும். பதிந்த பிறகும் அது 'மேனுவல்' நிலையில்தான் இருக்கும் என்பதால், 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்ற மறக்கக் கூடாது. மேக்கிலும் டெர்மினலை மூடினால் இதே கதைதான்.

லினக்ஸில் பேக்கேஜுக்குப் பதிலாக, ஜிப் போன்ற டார் கோப்பை விரித்து, முழு அதிகாரமும் உள்ள 'ரூட்' பயனராக இயக்க முயன்றால் எலாஸ்டிக்சர்ச் ஓட மறுக்கும். சர்வருக்குள் ஒருவன் புகுந்தாலும் முழுக் கணினியும் அவன் கைக்குப் போகாமல் இருக்கவே இந்த மறுப்பு. தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, ஃபோல்டரை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பதே சரியான வழி.

2022-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து பாஸ்வேர்டு கேட்கும் பாதுகாப்பு இயல்பாகவே இயங்கும். நிறுவும்போதோ முதல் ஓட்டத்திலோ திரையில் வரும் பாஸ்வேர்டை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். தவறினால் ரீசெட் கட்டளை இருக்கிறது. சர்வர் பதில் தரும் 9200 போர்ட்டைச் சோதிக்கும்போது முகவரியை ஹெச்டிடிபிஎஸ் (https) என்றே தொடங்க வேண்டும். இது தெரியாமல், பதில் வரவில்லை என்று பாதுகாப்பையே அணைத்துவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பதைக்கிறது.

மண்டியில் 'எனேபிள்' கொடுத்து, கணினியை வேண்டுமென்றே ரீஸ்டார்ட் செய்தேன். உடனே பதில் வரவில்லை. சற்றுப் பொறுத்து, கணக்குப்பிள்ளை ஒரு வியாபாரியின் பெயரை மலையாளத்தில் அடித்தார். பில்கள் வரிசையாக வந்தன.