வயது கடந்தபின் பட்டப்படிப்பு: சேரும் வழிகளும் சான்றிதழ் வரிசையும்

தமிழ்நாட்டில் ஒருவர் 35 வயதிலோ 50 வயதிலோ பட்டம் படிக்க நினைத்தால் வயது அநேகமாகத் தடையாக வராது. தடையாக வருவது சான்றிதழ்களின் வரிசைதான். பத்தாம் வகுப்பு, அடுத்து பிளஸ் 2, அதற்குப் பிறகு பட்டம் என்ற வரிசையில் ஒரு படியைத் தாண்டிப் போனால், கையில் முதுகலைப் பட்டமே இருந்தாலும் அரசு வேலைக்கோ சட்டப் படிப்புக்கோ அது உதவாது. ஆகவே எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகம் என்று பார்ப்பதற்கு முன்பே இந்த வரிசையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வரிசை ஏன் இவ்வளவு முக்கியம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 1985ஆம் ஆண்டு விதிமுறையில் ஒரு சலுகை இருந்தது. பள்ளிப் படிப்பே இல்லாதவர்கூட 21 வயது நிறைந்திருந்தால், பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத்தேர்வில் தேறி, தொலைநிலையில் (அஞ்சல் வழியில்) இளநிலைப் பட்டத்தில் சேரலாம். இதையொட்டி, பள்ளியை முடிக்காதவர்களுக்கென்று அடித்தளப் படிப்புகளைத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் நடத்தின. இளநிலைப் பட்டமே இல்லாமல் நேராக எம்.ஏ. கொடுத்த இடங்களும் இருந்தன. ஏராளமானோர் நம்பிச் சேர்ந்து, படித்து, தேறினார்கள்.

2009இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 18 அன்று தமிழக அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 107ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. பத்தாம் வகுப்பும் பிளஸ் 2வும் முடித்த பிறகு பெற்ற திறந்தநிலைப் பட்டமே அரசுப் பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்பது அதன் சாரம். இந்திய பார் கவுன்சிலின் சட்டக் கல்வி விதிகளும் இதையே சொல்கின்றன: அடிப்படைத் தகுதி இல்லாமல் நேராகத் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர் எல்.எல்.பி. சேர முடியாது.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பட்டம் வாங்கிய பிறகு, விட்டுப்போன பிளஸ் 2வை எழுதி முடித்துவிட்டால் குறை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். தீராது. பார்ப்பது சான்றிதழ்களின் எண்ணிக்கையை அல்ல, தேதி வரிசையை. பிளஸ் 2 முடித்த பிறகு மறுபடி ஒரு பட்டம் படித்தால்தான் வரிசை நேராகும். மூன்று வருட உழைப்பு வீணாகும் இந்த இழப்பை, சேர்வதற்கு முன் ஐந்து நிமிடம் விசாரித்தால் தவிர்த்துவிடலாம். தனியார் நிறுவனங்கள் இந்த அரசாணைக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆனாலும் நாளை எந்தக் கதவு தேவைப்படும் என்று இன்றே சொல்ல முடியாது என்பதால், வரிசைப்படி போவதே நல்லது.

பிளஸ் 2வுக்கு ஈடாக ஏற்கப்படும் படிப்புகளும் உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமா முடித்தவர் பட்டப்படிப்பில் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு, அதே தகுதியோடு தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழித் தேர்வுகளை மட்டும் எழுதினால் இணைச் சான்று தரும் ஏற்பாட்டைத் தமிழக அரசு 2022இல் கொண்டுவந்தது. எட்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. படித்திருந்தால் பத்தாம் வகுப்புக்கு இணை. பத்தாம் வகுப்புக்குப் பின் படித்திருந்தால் பிளஸ் 2வுக்கு இணை. பழைய ஐ.டி.ஐ. சான்றிதழ் பீரோவில் கிடந்தால் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பே முடிக்கவில்லை என்றால்

இரண்டு வழிகள். ஒன்று, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் பொதுத்தேர்வைப் பள்ளிக்குப் போகாமல் தனித்தேர்வராக எழுதுவது. எட்டாம் வகுப்புச் சான்றும் இல்லை என்றால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்விலிருந்து தொடங்கலாம். 12½ வயது நிறைந்திருந்தால் போதும், மேல் வயது வரம்பு கிடையாது. விண்ணப்பத்தை வெளிக் கணினி மையங்களில் அல்ல, அந்தந்தக் கல்வி மாவட்டத்துக்கான அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் நேரில் பதிவு செய்ய வேண்டும்.

பத்தாம் வகுப்பை முதல் முறை எழுதும் தனித்தேர்வர்கள் கவனிக்க வேண்டிய இடம் அறிவியல் பாடம். அதில் செய்முறைத் தேர்வு உண்டு. அதற்கான பயிற்சி வகுப்பில் சேர, தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதங்கள் முன்பே தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இந்த அறிவிப்பு பத்திரிகைகளில் சிறிதாக வந்து போய்விடும். அதைத் தவறவிட்டால் அந்த ஆண்டே போய்விடும்.

முன்பு எழுதித் தோற்றவர்கள் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. 35 மதிப்பெண் எடுத்துத் தேறிய பாடங்கள் அப்படியே நிற்கும். விட்ட பாடத்தை மட்டும் எழுதினால் போதும். கணக்கு ஒன்றில் மட்டும் தோற்றவர் மார்ச்–ஏப்ரல் தேர்விலோ ஜூன்–ஜூலை துணைத்தேர்விலோ அந்த ஒரு பாடத்தை எழுதலாம். கேள்வித்தாள் இப்போதைய பாடத்திட்டப்படிதான் வரும். பழைய புத்தகத்தை வைத்துப் படிக்காமல் புதுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் (என்.ஐ.ஓ.எஸ்.). எட்டாம் வகுப்புச் சான்று இல்லாதவர்களுக்கு இது பெரிய வரம். பத்தாம் வகுப்பைப் படிக்கும் அளவுக்கு எனக்குப் படிப்பறிவு உண்டு என்று நீங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழியும், பிறந்த தேதிக்கான ஆதாரமும் இருந்தால் சேரலாம். குறைந்தபட்ச வயது 14. உச்ச வரம்பு இல்லை. ஐந்து பாடங்கள், அதில் ஒரு மொழிப் பாடமாவது இருக்க வேண்டும். ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும், அதற்குள் ஒன்பது தேர்வு வாய்ப்புகள் கிடைக்கும். ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடக்கிறது. ஒவ்வொரு தேர்வுக்கும் ஒன்று இரண்டு பாடங்களாக எழுதித் தேறலாம் என்பதால், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு இது தோதானது. மொழிப் பாடமாகத் தமிழை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் மாநில அரசுப் பணிக்குப் போனால் தமிழ் படித்ததற்கு ஆதாரம் கேட்பார்கள்.

பிளஸ் 2 படி

தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் 2 சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். இரண்டு தேர்ச்சிக்கும் இடையே இரண்டு ஆண்டு இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. 1995இல் பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு இதனால் சிக்கலே இல்லை. போன வருடம் பத்து முடித்தவர்தான் கணக்குப் பார்க்க வேண்டும்: ஓராண்டில் ஐந்து பாடத்தையும் முடித்துச் சான்றிதழ் வாங்க முடியாது.

மாநிலத் தேர்வு வழியில் போவதானால் ஒரு எச்சரிக்கை. 2017-18 முதல் பிளஸ் 1க்கும் பொதுத்தேர்வு இருந்தது. 2025-26 முதல் அது ரத்தானது. மாறிவரும் காலம் என்பதால், நேரடித் தனித்தேர்வருக்கான விதியைப் பழைய இணையக் கட்டுரைகளை நம்பி முடிவு செய்யாமல், அந்த ஆண்டின் அறிவிக்கையைச் சேவை மையத்தில் கேட்டு வாசியுங்கள்.

பாடத் தேர்விலும் முன்யோசனை வேண்டும். தொலைநிலையில் பி.ஏ. தமிழ் படிக்க எந்தப் பிரிவில் பிளஸ் 2 முடித்திருந்தாலும் பரவாயில்லை. நர்சிங் என்றால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். எளிதாக இருக்கிறதே என்று ஐந்து கலைப் பாடங்களை எடுத்துவிட்டு, பிறகு அறிவியல் பட்டத்துக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்பது அடிக்கடி நடக்கிறது.

பட்டம்: எங்கே சேரலாம்

அரசு கலைக் கல்லூரிகளில் ரெகுலராகச் சேர வயது வரம்பு உண்டு. அது இளைஞர்களை மனதில் வைத்துப் போட்டது. ஆகவே பெரும்பாலானோருக்குத் தொலைநிலைக் கல்விதான் நடைமுறை வழி. சென்னை சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ), சென்னைப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் தொலைதூரக் கல்வி நிறுவனங்கள் என்று தேர்ந்தெடுக்கலாம். இக்னோவுக்குத் தமிழ்நாட்டில் சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் உள்ளன. சேர்க்கை ஆண்டுக்கு இருமுறை: ஜனவரி–பிப்ரவரி, ஜூலை–ஆகஸ்ட்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைப்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தொலைநிலையிலோ இணையவழியிலோ தரும் பட்டம் ரெகுலர் பட்டத்துக்கு இணையானது. ‘அஞ்சல் வழிப் பட்டத்துக்கு மதிப்பில்லை’ என்று சொல்பவர்களிடம் இதைத் தாராளமாகக் காட்டலாம். ஆனால் ‘அங்கீகாரம் பெற்ற’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல்கலைக்கழகம் பெயர்பெற்றதாக இருப்பது போதாது. நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்த ஆண்டில், தொலைநிலையில் நடத்த அனுமதி இருக்க வேண்டும். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் கல்வியாண்டு வாரியாகப் பட்டியல் கிடைக்கும். பணம் கட்டுமுன் அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

2024 முதல் தொலைநிலை, இணையவழி மாணவர்கள் எல்லோரும் ‘டெப் ஐடி’ (DEB ID) என்ற எண்ணை மானியக் குழுவின் அதே தளத்தில் தாங்களே உருவாக்க வேண்டும். அதற்கு முதலில் கல்விப் புள்ளி வங்கியில் (Academic Bank of Credits) கணக்கு வேண்டும். ‘நாங்களே எல்லாம் பார்த்துக்கொள்கிறோம், கையெழுத்து மட்டும் போடுங்கள்’ என்று சொல்லும் தெருமுனைப் பயிற்சி மையங்களிடம் சேர்க்கையை ஒப்படைக்காதீர்கள். தனியார் மையங்களுக்குக் கிளை உரிமை கொடுத்துத் தொலைநிலைக் கல்வி நடத்துவதே தடை செய்யப்பட்டது. கட்டணத்தை எப்போதும் பல்கலைக்கழகத்தின் தளத்தில் நேராகக் கட்டி, ரசீதை உங்கள் பெயரில் வாங்குங்கள்.

தொலைநிலையில் படிக்க முடியாதவையும் உண்டு: பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, சட்டம், கட்டடக்கலை. உளவியலும் 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் இந்தத் தடைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பி.எட். தொலைநிலையில் உண்டென்றாலும் எல்லோருக்கும் கிடையாது. ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கானது அது.

இவற்றில் சில ரெகுலர் படிப்புகளுக்கு வயது தடையில்லை. மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு பார் கவுன்சில் கொண்டுவந்த 30 வயது வரம்பை 2017இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பட்டத்தில் பொதுப் பிரிவினர் 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும்; வகுப்புகளுக்கு நேரில் போயாக வேண்டும். நீட் தேர்வின் மேல் வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டது. டிப்ளமாவோடு வேலை பார்ப்பவர்களுக்குச் சில பொறியியல் கல்லூரிகளில் மாலை நேரப் பி.இ. இருக்கிறது.

சேர்ந்த பிறகு எங்கே நின்றுபோகிறது

இக்னோவை எடுத்துக்கொள்வோம். மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தை முடிக்க அதிகபட்சம் ஆறு ஆண்டுகள் தருகிறார்கள். மதிப்பெண்ணில் அசைன்மென்டுக்கு 30 சதவீதம், ஜூன் அல்லது டிசம்பரில் எழுதும் தேர்வுக்கு 70 சதவீதம். இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். பாதியில் நிற்பவர்களைக் கவனித்தால், பாடம் கடினம் என்பதைவிட மூன்று சின்ன விஷயங்கள்தான் காரணமாக இருக்கின்றன: அசைன்மென்டை உரிய தேதிக்குள் கொடுக்காதது, தேர்வுக்குத் தனியாக விண்ணப்பித்துப் பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டும் என்பதை அறியாதது, ஒவ்வோர் ஆண்டும் மறுபதிவு செய்ய மறப்பது. சேர்ந்த அன்றே இந்த மூன்று தேதிகளையும் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

படிப்பு நேரத்துக்கும் கணக்கு உண்டு. இக்னோவில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. ஆறு கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 180 மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு பாடத்துக்கு ஆறு மாதம் ஆகும். குடும்பமும் வேலையும் இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, மூன்றாண்டில் முடிக்க முடியாது என்று தெரிந்தால் நான்கரை ஆண்டு என்று முதலிலேயே திட்டமிடுவது நல்லது. அதில் குறைவு எதுவும் இல்லை.

காகித வேலைகள்

பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி ஆகியவை ஆதாரிலும் பழைய மார்க் ஷீட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரை முன்னெழுத்தாக மாற்றிய பெண்களுக்கு இது அதிகம் இடிக்கும். மார்க் ஷீட்டை ஒட்டி ஆதாரைத் திருத்துவதுதான் எளிது. மார்க் ஷீட்டைத் திருத்துவது நீண்ட வேலை. மார்க் ஷீட் தொலைந்திருந்தால் காவல்துறையில் தொலைந்த ஆவண அறிக்கை பெற்று, நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கை தொடங்கும் முன்பே இதை ஆரம்பியுங்கள்.

அரசு ஊழியர்கள் துறை அனுமதியை எழுத்தில் பெற்ற பிறகே சேர வேண்டும். பின்னர் அந்தப் பட்டத்தைப் பணிப் பதிவேட்டில் ஏற்றும்போது அந்தக் கடிதத்தைத்தான் கேட்பார்கள்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணைய (டி.என்.பி.எஸ்.சி.) வேலையை மனதில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விவரம். தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீடு, 2020 திருத்தத்துக்குப் பின், பள்ளி முதல் தேவையான கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ் வழியில் படித்தவர்களுக்கே. பள்ளிக்குப் போகாமல் தனித்தேர்வராக எழுதித் தேறியவர்கள் அந்த ஒதுக்கீட்டைக் கோர முடியாது. பொதுப் போட்டியிலும் வகுப்புவாரி ஒதுக்கீட்டிலும் அவர்களுடைய உரிமை குறையாது. விண்ணப்பத்தில் தமிழ் வழி ஒதுக்கீட்டுக்கான கட்டத்தில் ‘ஆம்’ என்று தவறாகக் குறித்துவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் சிக்கல் வரும். எனவே தனித்தேர்வர்கள் அங்கே ‘இல்லை’ என்றே குறிக்க வேண்டும்.