அலமாரிக்குள் கீரை: எல்இடி வெளிச்சமும் சென்னைக் காற்றும்

மே மாத நண்பகலில் மொட்டைமாடியில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். அதே நேரத்தில் கீழ்வீட்டுக் கூடத்தில் ட்யூப்லைட் எரிந்தால் 200, 300 லக்ஸ் கிடைக்கும். முந்நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தும் நமக்கு அது தெரிவதில்லை. கண்ணின் பாவை விரிந்தும் சுருங்கியும், விழித்திரை வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டும் சமாளித்துவிடுகிறது. செடிக்கு அந்த வசதி இல்லை. இலை தயாரிக்கும் சர்க்கரையும் அது சுவாசத்தில் செலவழிக்கும் சர்க்கரையும் சரிக்குச் சரியாக வருவதற்கே பெரும்பாலான கீரைகளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் லக்ஸ் வேண்டும். அதற்கு மேல் கிடைப்பதுதான் வளர்ச்சி. கூடத்து மூலையில் வைத்த துளசி நாளுக்கு நாள் இளைப்பதற்குப் பெரும்பாலும் பட்டினிதான் காரணம்.

பால்கனி இல்லாத வீட்டிலும், இருந்தாலும் எதிர்க் கட்டடம் வெயிலை மறைக்கும் வீட்டிலும், சுவர் அலமாரியின் ஒரு தட்டு போதும். வெந்தயக்கீரை, புதினா, சிறுகீரை ஆகியவற்றை ஆண்டின் பெரும்பகுதியிலும், கொத்தமல்லியைக் குளிர் மாதங்களிலும் அங்கே எடுக்கலாம். விளக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் எல்லோருடைய கவனமும் போகிறது. அது கணக்குப் போட்டால் தீர்ந்துவிடும் விஷயம். சென்னையில் அலமாரித் தோட்டம் கெடுவது பெரும்பாலும் காற்றால்.

முதலில் விளக்குக் கணக்கைப் பார்த்துவிடலாம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. செடிக்கு, ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை ஒளித்துகள்கள் விழுகின்றன என்பதுதான் முக்கியம். 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான துகள்களை மைக்ரோமோல் கணக்கில் எண்ணுகிறார்கள். வெள்ளை எல்இடி விளக்குக்கு லக்ஸை 70-ஆல் வகுத்தால் மைக்ரோமோல் கிட்டத்தட்ட வந்துவிடும். கீரைக்கு 200 மைக்ரோமோல் நல்ல இலக்கு, அதாவது 14,000 லக்ஸ். கைபேசியில் லக்ஸ் காட்டும் செயலியை இறக்கி, திரைப்பக்கம் மேலே பார்க்கும்படி இலை மட்டத்தில் வைத்து அளக்கலாம். துல்லியம் குறைவுதான். ஆனாலும் தட்டின் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நன்றாகவே காட்டிக்கொடுக்கும்.

நாலடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள தட்டு என்றால் பரப்பு 6 சதுர அடி, அதாவது 0.56 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 200 மைக்ரோமோல் வேண்டுமென்றால் இந்தத் தட்டின் இலைகளின் மேல் விநாடிக்கு 111 மைக்ரோமோல் விழ வேண்டும். சுவரிலும் கதவிலும் கால்பங்கு வீணாகும் என்று வைத்தால் விளக்கிலிருந்து 148 புறப்பட வேண்டும். கடையில் கிடைக்கும் 20 வாட், 2,000 லூமென் எல்இடி பேட்டன் (நீளக் குழல் விளக்கு) ஒன்று, லூமெனையும் அதே 70-ஆல் வகுத்தால், 28 அல்லது 29 மைக்ரோமோல் தரும். ஆக, ஐந்து பேட்டன்கள், 100 வாட். அவற்றை 9 சென்டிமீட்டர் இடைவெளியில் மேல்தட்டின் அடியில் வரிசையாகப் பொருத்த வேண்டும். செடிக்கென்றே தயாரிக்கும் நல்ல எல்இடி பலகைகள் இதே வெளிச்சத்தை 60 வாட்டுக்குள் தந்துவிடும். விலை கூடுதல்; ஆனால் 40 வாட் சூடு மிச்சம். அந்த மிச்சத்தின் அருமை கோடையில்தான் தெரியும்.

ஊதாவும் இளஞ்சிவப்புமாக எரியும் விளக்குகளை வாங்க வேண்டியதில்லை. 1972-இல் மெக்ரீ என்ற ஆய்வாளர் 22 வகைப் பயிர்களின் இலைகளை ஒவ்வொரு நிறமாகச் சோதித்து வெளியிட்ட அளவீடுகளிலேயே, பச்சை ஒளியும் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுகிறது என்பது தெளிவாகிவிட்டது. பச்சை ஒளி இலையின் உள்ளடுக்குவரை ஊடுருவும். அதைவிட நடைமுறையான காரணம் ஒன்று உண்டு: ஊதா வெளிச்சத்தில் மஞ்சள் இலையும் தெரியாது, அசுவினியும் தெரியாது. 6500 கெல்வின் என்று அட்டையில் போட்ட வெள்ளை விளக்கே போதும். அதில் நீலம் சற்று அதிகம். நீலம் குறைந்தால் தண்டு கழுத்தை நீட்டிக்கொண்டு போகும். உட்சுவருக்கு மினுமினுப்பில்லாத வெள்ளைப் பெயின்ட் அடித்தால் ஓரத்துச் செடிகளுக்கும் வெளிச்சம் போய்ச் சேரும்.

விளக்குக்கும் இலைக்கும் 20 முதல் 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். தொட்டி 10, செடி 25 என்று கூட்டினால் தட்டுக்கு இரண்டடி உயரம் தேவைப்படும். கடப்பா கல் பதித்த பழைய அலமாரிகளில் தட்டுகளுக்கு நடுவே ஒன்றரை அடிதான் இருக்கும். கல்லைப் பெயர்க்கவும் முடியாது. அங்கே வெந்தயக்கீரையோடு நிறுத்திக்கொள்வதுதான் புத்தி. அது ஒரு விரல் நீள உயரத்திலேயே அறுவடைக்கு வந்துவிடும்.

சூடும் ஈரமும்

விளக்கு இழுக்கும் 100 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் முடியும். வெளிச்சமாக வெளியேறியதும் சுவரிலும் இலையிலும் பட்டுச் சூடாகிறது. ஒளிச்சேர்க்கையில் சேமிக்கப்படுவது மிகச் சொற்பம். அந்தச் சூட்டை வெளியே தள்ள எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 1.2 கிலோஜூல் தேவை. அலமாரிக்குள் அறையைவிட 3 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்று வைத்துக் கணக்கிட்டால், விளக்கின் வாட் எண்ணும் மணிக்கு வேண்டிய கன மீட்டர் எண்ணும் ஒன்றாகவே வரும். 100 வாட்டுக்கு மணிக்கு 100 கன மீட்டர், 60 வாட்டுக்கு 60. மனத்தில் வைத்துக்கொள்ள எளிது.

கணினிக்குள் இருக்கும் 120 மில்லிமீட்டர் விசிறி, தடையில்லாத இடத்தில் இந்த 100-ஐத் தொட்டுவிடும். வலையும் துளையும் குறுக்கே வந்தால் பாதியாகிவிடும். ஆகவே இரண்டு விசிறிகள் வேண்டும். கதவின் மேல்பகுதியில் தச்சரைக் கொண்டு இரண்டு வட்டம் அறுத்து, காற்றை வெளியே தள்ளும்படி பொருத்துங்கள். கீழ்ப்பகுதியில் அதைவிடக் கொஞ்சம் பெரிய திறப்பு இருக்கட்டும். உள்வரும் வழி குறுகினால் விசிறி சத்தம் போடுமே தவிர காற்று நகராது. இரண்டிலும் கொசுவலை கட்டாயம். மாதம் ஒருமுறை வலையைத் துடைக்காவிட்டால் தூசி அடைத்து, ஒரு விசிறியை நிறுத்தியதற்குச் சமமாகிவிடும். விளக்கோடு வரும் மின்மாற்றுப் பெட்டியைத் தனியே எடுக்க முடிந்தால் அதையும் அலமாரிக்கு வெளியே வைத்துவிடுங்கள். அதன் உள்ளேயிருக்கும் மின்தேக்கிகளுக்குச் சூடுதான் எமன்.

ஈரத்தின் கதை இன்னும் சுவாரசியமானது. தட்டு நிறையக் கீரை வளர்ந்துவிட்டால் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் சாதாரணமாகச் செலவாகும். அதில் பெரும்பகுதி இலைவழியே ஆவியாகிறது. விளக்கு எரியும் 16 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் நிமிடத்துக்கு ஒரு கிராம். அலமாரித் தட்டின் கொள்ளளவோ ஒரு கன மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. 30 டிகிரியில், 80 விழுக்காடு ஈரப்பதத்தோடு உள்ளே வந்த காற்றில் அந்தக் கொள்ளளவுக்கு இன்னும் 2 கிராம் நீராவிக்குத்தான் இடம் இருக்கும். கதவைச் சாத்தி விசிறியை நிறுத்தினால் இரண்டே நிமிடத்தில் உள்ளேயிருக்கும் காற்றில் நீராவி நிறைந்துவிடும். அதன்பிறகு இலையிலிருந்து ஆவி வெளியேற வழியில்லை.

ஆவி வெளியேறாததால் என்ன கெட்டுவிடப் போகிறது? சுண்ணாம்புச் சத்து கெட்டுவிடும். கால்சியம் தண்டுக்குள் நீரோடு மட்டுமே மேலே ஏறும். ஓர் இலையில் சேர்ந்தபின் இன்னோர் இலைக்கு நகராது. நீரோட்டம் நின்றால் முதலில் பட்டினி கிடப்பது நடுவில் விரியும் இளந்தளிர். அதன் ஓரம் ஈரமான காகிதம்போல ஒளி ஊடுருவும்படி மாறும். அடுத்த நாள் பழுப்பாகும், பிறகு கருகிச் சுருளும். வெளி இலைகள் பச்சைப்பசேலென்று இருக்கும். இதைப் பார்த்ததும் உரம் போதவில்லை என்று உரத்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். மண்ணில் கால்சியம் இருக்கிறது, ஏறத்தான் வழியில்லை. உள்ளே ஒரு சிறு விசிறியை இலைகள் மெல்ல ஆடும் அளவுக்கு ஓடவிட்டாலே புதுத் தளிர்கள் சரியாக வரத் தொடங்கும். கருகிய ஓரம் கருகியதுதான்.

இதில் ஓர் ஆறுதலும் உண்டு. விளக்கின் சூடே ஈரத்துக்கு மருந்தாக வேலை செய்யும். நவம்பர் மழையிரவில் 24 டிகிரியும் 90 விழுக்காடு ஈரப்பதமுமாக இருக்கும் காற்று, அலமாரிக்குள் 3 டிகிரி சூடேறினால் ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். இலைக்கு அது நல்ல காற்று. விளக்கை அணைத்தால் அந்தச் சலுகை போய்விடும். ஆகவே விளக்கு அணைந்திருக்கும் 8 மணி நேரமும் விசிறி ஓட வேண்டும். பலரும் இரண்டையும் ஒரே டைமரில் மாட்டிவிடுகிறார்கள். நாற்றழுகல் (இளநாற்றின் அடித்தண்டு அழுகும் பூஞ்சை நோய்) அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எப்போது எரியவிடுவது என்பதும் ஊரைப் பொறுத்தது. மாலை 6 மணிக்கு ஏற்றி மறுநாள் காலை 10 மணிக்கு அணைப்பது சென்னைக்குப் பொருந்தும். நகரம் கொதிக்கும் நண்பகலில் அலமாரி இருட்டில் ஓய்வெடுக்கும். கொத்தமல்லிக்கு மட்டும் 12 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். நீண்ட பகலும் சூடும் சேர்ந்தால் இலை வைப்பதை விட்டுவிட்டுப் பூத்தண்டு கிளப்பும்.

தண்ணீரும் ஊடகமும்

தேங்காய் நார்த்தூள் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) அரைப் பங்கு. 10 சென்டிமீட்டர் ஆழத் தொட்டிகளைத் தட்டு முழுக்க அடுக்கினால் 50 லிட்டர் கலவை போகும். ஒரு 5 கிலோ நார்த்தூள் கட்டி ஊறி உப்பினால் தாராளமாகப் போதும். ஈரத்தோடு எடை 40 கிலோவை நெருங்கும். ஒட்டுப்பலகைத் தட்டாக இருந்தால் நடுவில் முட்டுக் கொடுக்காமல் வைக்காதீர்கள்.

நார்த்தூளை அப்படியே பயன்படுத்தக் கூடாது. தேங்காய் மட்டையை ஊறவைத்த நீரிலிருந்து உப்பு ஏறியிருக்கும். நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்துக்கொண்டு அலசுங்கள். ஊற்றும் தண்ணீருக்கும் வடியும் தண்ணீருக்கும் மீட்டர் காட்டும் எண் ஏறக்குறைய ஒன்றாகும்வரை அலச வேண்டும்.

பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. மாடித்தோட்டத்தில் மழை பெய்து உப்பைக் கழுவிவிடும்; அலமாரிக்குள் மழை கிடையாது. தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். மேற்பரப்பில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அதுதான். ஆர்ஓ எந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் நல்லெண்ணத்தில் வந்தது. ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அலமாரித் தொட்டிக்கு அது ஆகவே ஆகாது. மெட்ரோ வாட்டரும் பிடித்துவைத்த மழைநீரும் நல்லவை. எந்த நீராக இருந்தாலும் மாதம் ஒருமுறை தொட்டியைக் குளியலறைக்கு எடுத்துப்போய், அதன் கொள்ளளவைப்போல் இரு மடங்கு தண்ணீரை ஊற்றி வடியவிடுங்கள். புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், கடின நீரால் மண்ணின் பிஹெச் (காரத்தன்மை) ஏறி இரும்புச் சத்து பிடிபடாமல் கிடக்கிறது என்று பொருள்.

அடித்தட்டில் வடிந்த நீரை அன்றன்றே கொட்டிவிட வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தெளிந்த நீரே போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும்.

மின்சாரமும் ஈரமும் ஒரே அலமாரியில் இருப்பதால் மூன்று முள் எர்த் இணைப்பும் மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். ஒயர்கள் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

விதைக்கு மளிகைக் கடைத் தனியா போதும், வறுக்காததாக இருந்தால். ஒவ்வொரு தனியாவும் இரண்டு விதைகள் ஒட்டியது. சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டினால் கோட்டின் வழியே இரண்டு கிண்ணங்களாகப் பிளக்கும். நொறுங்கினால் அழுத்தம் அதிகம். 12 மணி நேரம் ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் 8 முதல் 12 நாளில் முளைக்கும். நாற்றழுகலைத் தடுக்க டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கிலோ விதைக்கு 4 கிராம் கலப்பது வழக்கம். நம் 50 கிராம் விதைக்கு ஒரு சிட்டிகை. வெந்தயத்தை ஓரிரவு ஊறவைத்துத் தூவினால் மூன்று நாளில் தலை தூக்கும். புதினாவுக்கு விதையே வேண்டாம்: சந்தையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டுகளைக் கணுவுக்குக் கீழே வெட்டி, தண்ணீரில் ஒரு வாரம் நிறுத்தினால் வேர் விடும்.

கொத்தமல்லியை நவம்பர் முதல் பிப்ரவரி வரை வையுங்கள். அறை 30 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் அது முளைப்பதற்கே தயங்கும். சித்திரை, வைகாசியில் புதினாவும் சிறுகீரையும் தாக்குப்பிடிக்கும். சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை எல்லாமே சோளத்தைப்போல வெயிலுக்கென்றே அமைந்த ஒளிச்சேர்க்கை கொண்டவை. சூட்டுக்கு அஞ்சாது, ஆனால் வெளிச்சம் குறைந்தால் தண்டு நூலாகிவிடும். அவற்றை விளக்குக்கு நேர்கீழே, தட்டின் நடுவில் வையுங்கள். புதினா ஓரத்தில் இருக்கலாம்.

100 வாட் விளக்கு 16 மணி நேரம் எரிந்தால் நாளுக்கு 1.6 யூனிட், இரண்டு மாத மின்கணக்கில் 96 யூனிட். வீட்டின் மொத்தக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கு யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை ஏறும். ஏசி ஓடும் கோடையில் அந்த எல்லையை எளிதாகத் தொட்டுவிடுவோம். அந்த இரண்டு மாதங்களுக்கு மூன்று பேட்டன்களை மட்டும் எரியவிட்டு, அவற்றின் கீழே புதினாவை மட்டும் வைத்தால் 58 யூனிட்டில் முடியும். புதினாத் தண்டை மண்ணிலிருந்து இரண்டு கணு விட்டு வெட்டினால் ஒவ்வொரு கணுவிலிருந்தும் இரண்டு கிளை பிரியும்.