அலாரம் அடிக்காததற்கு யார் பொறுப்பு?

சபுகஸ்கந்தையில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. கொலன்னாவையில் எரிபொருள் தாங்கிகளைச் சுற்றிக் குடியிருப்புகள். மீனைக் குளிரூட்டும் இடங்கள், ஐஸ் தொழிற்சாலைகள் பலவற்றில் நச்சுத்தன்மையுள்ள அமோனியா குழாய்க்குள் ஓடுகிறது. கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நாம், இந்த இடங்களை நடத்துகிறவர்களின் தீர்மானங்களை நம்பித்தான் இரவில் தூங்குகிறோம்.

பாதுகாப்பு என்றதும் ஹெல்மெட், பூட்ஸ், 'விபத்தில்லா நாட்கள்' பலகை ஆகியவைதான் பலருக்கு நினைவு வரும். வழுக்கி விழுவதையும் கை நசுங்குவதையும் தடுக்க இவை தேவை. ஆனால் எரியும் திரவத்தைக் குழாய்க்குள்ளேயே வைத்திருப்பது வேறு வேலை. குழாயின் தடிப்பு, திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கும் வால்வு, உண்மையைக் காட்டும் மானி எல்லாம் அதற்கு வேண்டும். அந்தப் பலகையில் எண் ஏறிக்கொண்டே போகும்போது இவை ஒவ்வொன்றாகப் பழுதாகிக்கொண்டிருக்கலாம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில், பிபி நிறுவனத்தின் சுத்திகரிப்பு நிலையத்தில் 2005 மார்ச் 23 அன்று நடந்தது இதுதான். எரியும் திரவங்களைப் பிரித்தெடுக்கும், சுமார் 50 மீற்றர் உயரக் கோபுரம் ஒன்றை மீண்டும் இயக்கத் தொடங்கினார்கள். அடியில் 2 மீற்றர் அளவுக்கு நிற்க வேண்டிய திரவம் ஏறிக்கொண்டே போனது. மானியோ 3 மீற்றருக்கும் குறைவு, அதுவும் இறங்குகிறது என்று காட்டியது. உயர்மட்ட அலாரம் ஒன்று அடிக்கவே இல்லை. திரவம் மேலே போய் வழிந்து, திறந்த புகைபோக்கி வழியாக வெளியே கொட்டி ஆவியாகித் தீப்பிடித்தது. பக்கத்தில் தற்காலிகக் கூடங்களில் இருந்த ஒப்பந்தப் பணியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். காயப்பட்டவர்கள் 180 பேர்.

பொத்தானை அழுத்தியவரைக் குற்றம் சொல்வது லேசு. ஆனால் மானி பழுது என்பது முன்பே தெரிந்திருந்தது. புகைபோக்கிக்குப் பதிலாக வாயுவை எரித்துவிடும் அமைப்பைப் பொருத்தலாம் என்ற யோசனையும் வந்து தள்ளிப்போனது. கோபுரத்தை இயக்கிய பணியாளர்கள் 12 மணி நேர ஷிப்டில் ஒரு மாதமாக லீவு இல்லாமல் நின்றார்கள். 1999இல் செலவில் 25 சதவீதத்தைக் குறைக்கச் சொல்லி மேலிடம் கேட்டிருந்தது. கூடங்களை அந்த இடத்தில் வைக்கச் சொன்னதும் ஒரு கையெழுத்துத்தான். அந்தக் காலத்தில் அங்கே காயங்களின் எண்ணிக்கையைப் பார்த்தே பாதுகாப்பை அளந்தார்கள் என்று 2007இல் வந்த விசாரணைக் குழு அறிக்கை எழுதியது.

போபாலிலும் அதே கதை. 1984 டிசம்பரில் அங்கிருந்த பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து நச்சு வாயு வெளியேறியபோது குளிரூட்டும் அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது, எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது.

சரி, முகாமையாளர் என்னதான் செய்ய வேண்டும்? எனக்கு முக்கியமாகப் படுவது, மாற்றங்களைக் கையாளும் விதம். இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் இரசாயனத் தொழிற்சாலை ஒன்று 1974 ஜூன் 1 அன்று வெடித்து 28 பேர் இறந்ததற்குக் காரணமான தற்காலிகக் குழாயின் வரைபடம், பட்டறைத் தரையில் சோக்கால் கீறப்பட்டது. கணக்குப் போட்டுப் பார்க்கும் அனுபவமுள்ள பொறியியலாளர் அப்போது அங்கே இல்லை. ஒரு குழாயை மாற்றினாலும் படித்துப் பார்த்து, கணித்து, ஒப்பம் வைக்கும் ஒருவரை நியமிக்கப் பணம் ஒதுக்குவது முகாமைத்துவத்தின் வேலை. அப்புறம், எத்தனை பரிசோதனைகள் தேதி தாண்டிக் கிடக்கின்றன, எத்தனை அலாரங்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன என்று மாதாமாதம் கேட்பதும்.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கையேடு ஆங்கிலத்தில், ஷிப்ட் பேச்சு சிங்களத்தில், வெல்டிங்குக்கு வந்தவர் தமிழர் என்ற நிலை எந்த வேலைத்தளத்திலும் வரலாம். வேலை அனுமதிச் சீட்டில் உள்ளதை ஒப்பமிட்டவர் தன் மொழியில் திருப்பிச் சொன்ன பிறகே வால்வைத் தொட வேண்டும் என்ற விதியை முகாமையாளர்தான் போட முடியும். அதனால் உற்பத்தி சற்றுப் பிந்தினால், அந்தத் தாமதத்துக்கு யாரையும் திட்டாமல் இருக்கவும் வேண்டும்.