தேங்காய்த்திட்டுல ராத்திரி படகு கட்டப் போறீங்களா, இதைக் கொஞ்சம் படிச்சிட்டு வாங்க

நான் புதுச்சேரியில போட் இன்ஜின் வேலை பாக்குறவன். பெரும்பாலும் லாஞ்சுதான் (மீன் புடிக்கிற பெரிய விசைப்படகு), எப்பவாச்சும் சென்னையிலேர்ந்து பாய்மரப் படகுல தெக்கால போறவங்களும் கூப்பிடுவாங்க. நம்ம பக்கம் மரீனா, அதாவது பாய்மரப் படகு கட்டுறதுக்குன்னே இருக்குற துறை, இல்ல, அதனால அவங்க ராத்திரி தங்குறதுக்கு தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கோ கடலூர் முதுநகருக்கோ வந்து நிப்பாங்க. தங்கலாம், தப்பே இல்ல, ஆனா உங்களுக்குத் தூங்குற நேரம்தான் அந்தத் துறைக்கு வேலை நேரம். நடுராத்திரிக்கு மேல ஐஸ் ஏத்துவாங்க, டீசல் புடிப்பாங்க, விடியுறதுக்குள்ள லாஞ்ச் வெளிய போகணும், அப்புறம் மீன் இறங்கும், ஏலம் நடக்கும்.

ஒருத்தர் சாயங்காலம் வந்து வரிசையா நின்ன லாஞ்சுங்களுக்கு வெளிப்பக்கமா தன்னோட படகைக் கட்டிட்டு ஊருக்குள்ள ரூம் எடுத்துத் தங்கிட்டாரு. ரெண்டு மணிக்கு உள்ள இருந்த லாஞ்ச் கிளம்பணும், பசங்க கத்திப் பாத்தாங்க, ஆளைக் காணோம், கயித்தை அவுத்து வேற லாஞ்சுல ஒத்தைக் கயிறா கட்டிட்டுப் போயிட்டாங்க, விடியறப்ப பாத்தா கைப்பிடிக் கம்பி வளைஞ்சு ஒரு பக்கம் ஃபைபர் உடைஞ்சு கிடக்கு. பசங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அது அவங்க பொழப்பு. வெளிப்பக்கம் கட்டுனா ஒரு ஆள் படகுலயே படுக்கணும், பக்கத்து லாஞ்ச் டிரைவர்கிட்ட "அண்ணே எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க"ன்னு கேட்டு அவர் நம்பரை வாங்கி வச்சுக்கணும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்போ எல்லா விசைப்படகும் உள்ளதான் நிக்கும், இடம் கிடைக்கிறதே கஷ்டம்.

கட்டுறதுக்கு முன்னாடி துறைமுக ஆபீஸ்ல சொல்லுங்க, கடலோரக் காவல்லயும் சொல்லுங்க. 2008 மும்பை தாக்குதலுக்கு அப்புறம் தெரியாத படகு வந்தா விசாரிக்கத்தான் செய்வாங்க, பதிவுச் சான்றும் ஆதாரும் கையில இருக்கட்டும். வெளிநாட்டுப் படகுன்னா கஸ்டம்ஸ், இமிக்ரேஷன் முடிக்காம இங்க வரவே கூடாது.

எனக்கு ரொம்ப பயம் முகத்துவாரத்தை நெனச்சாதான். தேங்காய்த்திட்டுக்குள்ள வர்ற வழியான அரியாங்குப்பம் ஆத்து வாய்ல மணல் அடைச்சுக்கிட்டே இருக்கும், போன மாசம் இருந்த ஆழம் இந்த மாசம் இருக்காது, தினம் போயி வர்ற லாஞ்சே தரை தட்டும். உங்க பாய்மரப் படகுக்குக் கீழ கீல்னு ஒரு துடுப்பு மாதிரி அடிப்பாகம் வேற நீட்டிக்கிட்டு இருக்கும். சென்னையிலேர்ந்து 70 கடல் மைலுக்கு மேல வரும், 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்துல 15 மணி நேரமாச்சும் ஆகும், அதனால சாயங்காலம் கிளம்பி பகல் வெளிச்சத்துல உள்ள வாங்க, வெளிய வர்ற லாஞ்ச் எந்தப் பக்கம் ஒதுங்குதுன்னு பாத்து அதே வழியில நுழையுங்க. ஐப்பசி கார்த்திகையில ஆத்துல வெள்ளம் வெளிய தள்ளும், கடல் அலை உள்ள தள்ளும், ரெண்டும் மோதி வாய்லயே அலை உடையும், அன்னைக்கு உள்ள வராதீங்க. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி இங்க பக்கத்துலதான் கரையேறுச்சு, அந்த மாசங்கள்ல வானிலை எச்சரிக்கை பாக்காம கிளம்பவே கூடாது.

லாஞ்ச் பக்கவாட்டுல டயரும் ஆணித் தலையும் இருக்கும், படகு உரசாம இருக்க நடுவுல தொங்கவிடுற காத்தடைச்ச ஃபெண்டர் மட்டும் போட்டா கிழிஞ்சிடும், அதுக்கு வெளிய ஒரு பலகையைத் தொங்கவிடுங்க.

இதைக் கண்டிப்பா கேளுங்க: ஆர்வத்துல லாஞ்சோட மீன் அறைக்குள்ள இறங்காதீங்க. அழுகுன மீன்லேர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், அதிகமா இருந்தா மூக்குக்கு வாடையே தெரியாமப் போயிடும், உள்ள விழுந்தவரைத் தூக்க இறங்குறவரும் சேந்து செத்துருவாரு. பசங்க கூப்பிட்டாலும் வேணாம்னு சொல்லிடுங்க.

காலையில கிளம்புறப்ப, இன்ஜினைக் குளிர வைக்க உள்ள இழுக்குற கடல் தண்ணியோட ஃபில்டரைத் திறந்து பாருங்க, மீன் செதிளும் கேரி பேக்கும் அடைச்சிருக்கும். இன்ஜின் போட்டதும் புகையோட தண்ணி வருதான்னு பாக்கணும், வரலைன்னா உடனே நிறுத்துங்க, இல்லன்னா தண்ணி பம்ப்பு உள்ள இருக்குற ரப்பர் கொஞ்ச நேரத்துலயே கருகிடும். புரொப்பல்லர்ல அறுந்த வலை சுத்தியிருக்கான்னும் பாத்துக்குங்க. முகத்துவாரம் தாண்டுற வரைக்கும் அணியத்துல (படகோட முன்பக்கம்) நங்கூரம் அவுத்து ரெடியா இருக்கட்டும், அங்க இன்ஜின் நின்னா கல்லுல மோதுறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது.